உன் சோலார் விளக்கைக் கழற்றிக்கொண்டு போ

நகராட்சித் தெருவிளக்குப் பிரிவின் மேற்பார்வையாளரும், என் மனைவியின் கூடப்பிறந்த தம்பியும், சமீப காலம் வரை என் மதிப்புக்குரியவராக இருந்தவருமான மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, எங்கள் மகள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே தாங்களும் தங்கள் மனைவி மக்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் தெருவில்தான் இன்னும் பழைய விளக்கே இருக்கிறதே. வழக்கமாகத் தங்களை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். இது புகார்க் கடிதம் என்பதால் ‘தாங்கள்’ போட்டு எழுதுகிறேன். எழுதுகிற வேகத்தில் நடுவே ‘நீ’ வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்க முடியாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து மாவு மில்லைத் தாண்டி, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி, எங்கள் வீட்டைக் கடந்து தெருமுனை வரைக்கும் தாங்கள் வரிசையாக நட்டுவிட்டுப் போயிருக்கிற சோலார் விளக்குகளை உடனடியாகக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பழைய விளக்கையே திரும்ப மாட்டினாலும் சரி. அது வாரத்தில் பாதி நாள் எரியாது, எரிகிற நாளிலும் தன்னைத் தவிர வேறெதையும் காட்டாது, தங்கமான விளக்கு.

திறப்பு விழாவில் தாங்கள் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. நாடா வெட்டவேண்டியவர் வரத் தாமதமானதால் மைக்கைத் தங்களிடம் கொடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற பையன், மைக்கைப் பிடித்ததும் ஆளே மாறிவிட்டான். சூரியன் பகலெல்லாம் சும்மா கொட்டுவதைப் பிடித்து வைத்து இருட்டிய பிறகு செலவு செய்யலாம், கரண்ட் போனாலும் தெரு இருட்டாகாது, கம்பி இழுக்க வேண்டாம், ரோட்டை வெட்ட வேண்டாம், கட்டணம் மிச்சம், பெண்கள் பயமில்லாமல் நடக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், சிறு வியாபாரம் செழிக்கும், அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிப் பேசுவார்கள், ஆள் இல்லாதபோது மங்கலாக எரிந்து ஆள் வந்ததும் தானே பளிச்சென்று எரியும் என்றெல்லாம் அடுக்கினீர்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். பேசுகிறவர் என் மைத்துனர் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன், அவர் கேட்காமலேயே சொன்னேன். நீங்கள் சொன்ன நன்மைகளில் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை, அத்தனையும் சொன்னபடியே நடந்திருக்கின்றன. என் புகாரே அதுதான்.

முதலில் சிறு வியாபாரம் செழிக்கும் என்றதை எடுத்துக்கொள்வோம். நான் செய்வது உறை தைக்கிற தொழில் என்பது தங்களுக்குத் தெரியும். சோபா உறை, கார் சீட்டு உறை, துணி துவைக்கும் மெஷினுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே இன்னொரு உறை, எதைக் கொண்டுவந்தாலும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பேன். வாடிக்கையாளர்கள் வேலை முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார்கள். முன்னறையில் இருக்கிற மஞ்சள் பல்பில் நான் துணியை விரித்துக் காட்டுவேன், அவர்கள் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அரக்கு நூல் தீர்ந்துபோனால் பாதியிலிருந்து பழுப்பு நூலில் தைப்பேன், அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான், இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. இப்போது என்ன ஆகிறது என்றால், உறையைக் கையில் வாங்கியதும் நேராக வாசலுக்குப் போய் உங்கள் கம்பத்துக்குக் கீழே நின்று விரித்துப் பார்க்கிறார்கள். ‘இதென்னங்க, இந்தப் பக்கம் ஒரு கலரு, அந்தப் பக்கம் ஒரு கலரு?’ என்கிறார்கள். பல் டாக்டர் வீட்டு சோபா உறை முழுவதையும் பிரித்துத் தைத்தேன். வியாபாரம் செழிக்கத்தான் செய்கிறது, ஒரே உறையை இரண்டு தடவை தைக்கிறேனே.

அடுத்தது அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிப் பேசுவது. முன்பெல்லாம் கரண்ட் போனால் அவரவர் வீட்டுக்குள் அவரவர் சும்மா கிடப்பார்கள். இப்போது கரண்ட் போன மறுநிமிஷம் தெருவே எழுந்து எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் கம்பம் சரியாக எங்கள் வாசலில் நிற்கிறது. அதை அங்கே நடச் சொன்னது யார், நீ, அத்தான் வீட்டு வாசல் வெளிச்சமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் நட்டாய். எதிர்வீட்டுத் தபால்காரர் சீட்டுக்கட்டோடு வருகிறார், பிள்ளைகள் புத்தகத்தோடு வருகிறார்கள், ஆனால் நாற்காலியோடு ஒருத்தரும் வருவதில்லை. என் வீட்டு நாற்காலிகள் வெளியே போய்விடும், நான் கதவில் சாய்ந்துகொண்டு நிற்பேன். உன் அக்காவோ போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுகிறாள். கரண்ட் வந்த பிறகாவது கிளம்புவார்களா என்றால், சீட்டாட்டத்தில் தோற்றவர் ஜெயிக்கும்வரை யாரும் அசைவதில்லை. தபால்காரர் தோற்றால் எழுந்திருக்கிற ஜாதி இல்லை.

அந்த டீ கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்ற உன் அக்கா, ஒரு நாள் திரும்பி எங்கள் வீட்டு முன்சுவரைப் பார்த்துவிட்டாள். வீடு கட்டிய நாளிலிருந்து இருக்கிற சுவர்தான், பகலிலும் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அவள் அதை உன் விளக்கில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். காரை பெயர்ந்த இடம், மழைத்தண்ணீர் வடிந்த கறை, ஜன்னலுக்கு மேலே ஒட்டடை எல்லாம் தெரிந்தன. ‘தெருவே நம்ம வாசல்ல உக்காந்திருக்கு, இந்தச் சுவர வச்சுக்கிட்டு எப்படி நான் டீ கொடுக்கறது?’ என்று கேட்டாள். பெயிண்டர் வந்தார், ஏணியோடு வந்தார். அந்த ஏணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் அதில்தான் ஏறப்போகிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். நூலைப் பிரித்துத் தைக்கலாம், நாற்காலியைப் பூட்டி வைக்கலாம். நான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தது பெண்கள் பயமில்லாமல் நடக்கலாம் என்ற அந்த ஒரு நன்மைக்காக.

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவேன். தெரு இருட்டு, மில்லுக்குப் பக்கத்தில் நாய்கள், மதில் ஓரம் பள்ளம், பெண் தனியாக எப்படி வருவாள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவாள், பையை என்னிடம் கொடுப்பாள், இரண்டு பேரும் நடப்போம். வீட்டுக்குள் அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள், உனக்கே தெரியும். சாப்பிடுவாள், ஃபோனைப் பார்ப்பாள், அறைக்குள் போய்விடுவாள். நான் ‘சாப்பிட்டியா’ என்பேன், அவள் ‘ம்’ என்பாள், எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. ஆனால் அந்த இருட்டில் நடக்கும்போது மட்டும் பேசுவாள். கடைக்கு வந்தவர், போனவர், சண்டை போட்டவர் என்று அத்தனை கதையும் வரும். கடை முதலாளிக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து சுத்தமாகத் தெரியாது, கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது தெரியும் என்று போடமாட்டார், வந்த ரசீதையெல்லாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ‘சரி சரி’ என்பார், கண்ணாடி விற்கிற மனுஷனுக்கே கண்ணாடி போடச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தைரியமில்லை என்று அவள் சொன்னபோது நான் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் அழுததும் அந்த மதில் ஓரத்தில்தான். யாரோ கூட வேலை செய்கிறவர்கள் சொன்ன வார்த்தைக்காக அழுதாள். நான் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன். மறுபடி நடந்தோம், வீடு வந்தது, உன் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

உன் விளக்கு வந்த அந்த வாரமே அவள் சொன்னாள்: ‘இனிமே நீங்க வர வேணாம்ப்பா. தெரு பகல் மாதிரி இருக்கு.’ சரி என்றேன். வேறென்ன சொல்வது, இல்லையம்மா இருட்டாகத்தான் இருக்கிறது என்றா சொல்லமுடியும்? இப்போது அவள் வருகிற நேரத்துக்கு நான் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் வந்தால் தானே பளிச்சென்று எரியும் என்று சொன்னாயே, அது எப்படி என்று அங்கிருந்து பார்க்கிறேன். மதில் முனையில் இருக்கிற விளக்கு முதலில் எரியும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. அவளை ஒவ்வொரு கம்பமாகக் கையில் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விடுகிறது உன் விளக்கு. என் வேலையை என் கண் முன்னாலேயே செய்கிறது. உள்ளே வந்தவளை ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிறேன், ‘இப்பத்தானப்பா வர்றேன்’ என்கிறாள். டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்துவிட்டது. எனக்கு வருத்தமாக இருக்கிறது, மைத்துனரே. அதைக் கோபமாகத்தான் எழுத வருகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

இப்போது உறை விஷயம். இதைப்பற்றித் தங்கள் அலுவலகத்தில் எப்படியெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பெயிண்டர் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்புத் தூள் பறந்து போய்க் கம்பத்தின் உச்சியில் இருக்கிற கறுப்புத் தகட்டின் மேல் உட்கார்ந்தது. அதோடு காக்கை எச்சம் வேறு. புத்தம்புதுச் சாமான், என் மைத்துனர் முன்னின்று போட்டது, இப்படி வெயிலிலும் தூசியிலும் திறந்தபடி கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. புதுச் சாமானைப் பார்த்தால் உறைக்கு அளவெடுப்பது என் கை, அதை நான் ஒன்றும் செய்யமுடியாது. காருக்குத் தைத்ததில் மிச்சமிருந்த முதல்தரமான துணி, மழை இறங்காது, வெயில் ஊசிமுனை அளவுகூட உள்ளே போகாது. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை தகட்டுக்கும் தைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க அடியில் எலாஸ்டிக், பார்வையாக இருக்க ஓரத்தில் சிவப்புப் பட்டி. விளக்குக் கண்ணாடியை மூடாமல் கவனமாக விட்டேன், வெளிச்சம் மறைந்துவிடக் கூடாது பாருங்கள், அவ்வளவுக்கு எனக்கு மூளை வேலை செய்தது. பெயிண்டர் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறி மாட்டினார், நான் கீழே நின்று இழுத்துவிடச் சொன்னேன். தெருவே பார்த்தது. நல்ல காரியம் செய்தீர்கள் என்று தபால்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மனுஷன் இப்போது பேசுகிற பேச்சு இருக்கிறதே.

அன்றைக்கு விளக்கு எரிந்தது. ஆகவே உறையால் ஒரு குற்றமும் இல்லை என்று ஆகிவிட்டது. மறுநாள் கொஞ்சம் சோர்ந்து எரிந்தது, பிறகு எல்லாக் கம்பமும் சேர்ந்து அணைந்துவிட்டது. உள்ளே ஏதோ கோளாறு, நல்லவேளை மேலேயாவது உறை போட்டு வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஃபோன் வந்தது: ‘அப்பா, தெரு முழுக்க இருட்டா இருக்கு. வர்றீங்களா?’ உன் அக்கா சொல்கிறாள், நான் முழங்கால் வலியையும் மறந்து, செருப்புகூடப் போடாமல் ஓடினேனாம். இருக்கும். அந்தச் சில நாட்கள் நான் மறுபடி மனுஷனாக இருந்தேன். முதலாளி கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியைத் தன்னுடையது என்று நினைத்துப் போட்டுக்கொண்டு, உலகம் இவ்வளவு தெளிவாகவா இருக்கிறது என்று அசந்துபோன கதையைக் கேட்டேன்.

பிறகு தபால்காரர் போட்ட புகாரின் பேரில் தங்கள் ஆபீஸ் மெக்கானிக் வந்தார். ஏணியில் ஏறினார், மேலேயே நின்று எலாஸ்டிக்கை இழுத்து இழுத்துப் பார்த்தார், இறங்கி வந்தார். யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன், பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

‘தையல் அருமைங்க,’ என்றார். ‘சூரியனுக்குத்தான் உள்ள வர வழியில்ல.’

அதற்கப்புறம் தெரு சிரித்த சிரிப்பை நான் எழுதப்போவதில்லை. இப்போது எனக்குத் தெருவில் பெயர் கிரகணம். ‘கிரகணம் இருக்காரா, தலையணை உறை தைக்கணும்’ என்று வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்கள், உன் அக்காவும் ‘உள்ள இருக்காருங்க’ என்று பதில் சொல்கிறாள். தாங்கள் ஃபோனில் சிரித்ததும் எனக்குக் கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் கேட்காது என்று நினைத்தீர்களா? நான் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்மை நன்மையாக அடுக்கினாயே, அந்தத் தகடு வெயிலைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது, அதை மூடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? விளக்கு சூரிய சக்தியில் எரிகிறது என்று சொன்னாய், சூரியன் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று சொன்னாயா? கம்பத்துக்குள் எங்கேயோ வாங்கி அடைத்துக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. பெண்ணைக் கூப்பிடப் போகிற சாக்குக்காக வேண்டுமென்றே விளக்கை அணைத்தேன் என்று ஒரு பேச்சு தெருவில் ஓடுகிறது. அப்படி வேண்டுமென்றே செய்கிறவன் ஓரத்துக்குச் சிவப்புப் பட்டி வைத்துத் தைப்பானா? ஒரு பழைய சாக்கைப் போட்டுக் கட்டியிருக்க மாட்டானா? தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார். உறைகளைக் கழற்றி விளக்கு மறுபடி எரிந்த அன்று அவள் என்னை வர வேண்டாம் என்று சொல்லக்கூட இல்லை, தானாகவே வந்துவிட்டாள். நான் ஜன்னலில் இருந்தேன்.

ஆகவே இறுதியாகவும் உறுதியாகவும் சொல்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் ஆட்களை அனுப்பி அத்தனை கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போகவும். வெளிச்சம் தேவைப்படுகிற தெரு இந்த ஊரில் எத்தனையோ இருக்கிறது, அங்கே நட்டுப் புண்ணியம் கட்டிக்கொள்ளவும். மறுத்தால் தங்கள் மேலதிகாரிக்கு எழுதுவேன், அவரும் கேட்காவிட்டால் தங்கள் அக்காவிடம் சொல்வேன். மற்றபடி குழந்தைகளுக்கு என் அன்பும் ஆசீர்வாதமும். பெரியவன் நன்றாகப் படிக்கட்டும், சின்னவளுக்குப் பல் முளைத்த செய்தி கேட்டு மகிழ்ச்சி. தங்கள் மனைவிக்கு என் நலம் விசாரிப்புகள், தங்கள் மேல்தான் கோபமே தவிர அவர்மேல் எள்ளளவும் இல்லை என்று தெரிவிக்கவும். எல்லோரும் எல்லா வளமும் பெற்று, நீ மட்டும் கொஞ்சம் யோசித்து, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மிகுந்த மனவருத்தத்துடன்,
தங்கள் அக்காவின் கணவன்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, மகள் வந்துவிட்டாள். வந்தவள் உள்ளே வராமல், செருப்பையும் கழற்றாமல், வாசலிலேயே நின்று வெளியே கொஞ்சம் வரச் சொன்னாள். எழுந்து போனேன். வீட்டைத் தாண்டி முனைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள், பையை என்னிடம் கொடுத்தாள். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன், வர வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்றேன். ‘உங்க முழங்காலுக்காக வர வேணாம்னேன். பேச வேணாம்னு எப்பப்பா சொன்னேன்?’ என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். தொலைவில் வேறொரு ஊரில் அவர்கள் கடைக்குப் புதுக் கிளை திறக்கிறார்களாம். இவளைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்களாம். அங்கேயே தங்கவேண்டியிருக்கும். ‘போகட்டுமாப்பா?’ என்று கேட்டாள். உன் அக்காவுக்கு இன்னும் தெரியாது, நீ உளறிவைக்காதே.

நான் பதிலைச் சேர்ப்பதற்குள் உன் கடைசிக் கம்பம் வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் இருட்டு, கையில் டார்ச்சும் இல்லை. திரும்பிவிட்டோம், வாசலும் வந்துவிட்டது. ‘அவசரமில்லப்பா, யோசிச்சுச் சொல்லுங்க’ என்று உள்ளே போய்விட்டாள்.

அதனால் மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. ஒரு கம்பத்தையும் தொடாதே. முனையிலிருந்து அந்தப் பக்கம் பெரிய ரோடு வரைக்கும் இன்னும் சில விளக்கு போட்டுக் கொடு, முடிந்தவரை சீக்கிரம். போ என்றுதான் அவளிடம் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லி முடிக்க இந்தத் தெருவின் நீளம் எனக்குப் போதவில்லை.